லயத்து அடுப்படி – 17: இலை கொட்டும் மாதத்துக் கேக்

தை பிறந்து பத்துப் பதினைந்து நாள் போனதும் ரப்பர்த் தோட்டத்துப் பால்மரங்கள் நிறம் மாறும். நிரையின் ஓரத்து மரங்கள் முதலில் செம்பு நிறமாகும், பிறகு மஞ்சளாகும், பிறகு ஒரே காற்றில் எல்லாம் கீழே கிடக்கும். விடியற்காலையில் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு அம்மா நிரைக்குள் இறங்கும்போது சருகு நொறுங்கும் சத்தம் லயத்து வாசல்வரை கேட்கும். எங்கள் ஊரான புக்கிட் பெலண்டோக் என்றால் மலாயில் சருகுமான் குன்று. அந்த மாதத்தின் சருகை வைத்துத்தான் ஊருக்கு இந்தப் பெயர் வந்தது என்று சிறுவயதில் நம்பிக்கொண்டிருந்தேன்.

மரம் தன்னிடம் இருப்பதையெல்லாம் புதுத் துளிருக்குச் செலவழிக்கும் நாட்கள் அவை. மங்கில் பால் வெகுவாகக் குறையும். பால் குறைந்தால் கையில் வரும் காசும் குறையும், கடைக்காரர் கணக்குப் புத்தகத்தில் எங்கள் பக்கம் மட்டும் நிறைந்துகொண்டே போகும். என் அப்பாயி கட்டிலுக்கடியில் பதுக்கி வைத்திருந்த பரங்கிக்காயை உருட்டி வெளியே எடுப்பது அப்போதுதான்.

இந்த வாரம் அந்தப் பரங்கிக்காயைப் பற்றி எழுதக் காரணம் என் தங்கை மகள். போன அக்டோபரில், “பெரியம்மா, எல்லாரும் இலையுதிர்காலத்துக்குப் பூசணி கேக் பண்றாங்க, நாமும் பண்ணுவோமா?” என்று கேட்டாள். கைப்பேசியில் படம் காட்டினாள். ஆரஞ்சுப் பூசணி, சிவந்த இலை, மேலே பாலேடு மாதிரி வெள்ளைப் பூச்சு. அழகாகத்தான் இருந்தது. வெளியே இடி இடித்துக்கொண்டிருந்தது. அக்டோபரும் நவம்பரும் நம் மேற்குக் கரைக்கு மாலை மழைக் காலம். “நமக்கும் இலை உதிரும் காலம் உண்டும்மா, அது சீனப் பெருநாளையொட்டி வரும்” என்றேன். அவள் நம்பவில்லை. அவள் வளர்ந்ததெல்லாம் செம்பனைக்கு நடுவே. செம்பனை இலை கொட்டாது.

அப்பாயி தீபாவளி முடிந்த கையோடு குப்பைமேட்டில் விதை ஊன்றிவிடுவார். மாட்டுச் சாணம், அடுப்புச் சாம்பல், அவ்வளவுதான் உரம். மார்கழியில் கொடி பூக்கும். முதலில் வருவது நீண்ட காம்புள்ள ஆண் பூ. பெண் பூவுக்கு அடியில் கோலிக்குண்டு அளவில் பிஞ்சு ஒட்டியிருக்கும். ஆண் பூவைப் பறித்தால் காய்ப்புக்குக் குறையில்லை என்பது அப்பாயிக்குத் தெரியும், அதனால் வாசல் கோலத்துச் சாண உருண்டையில் தினம் ஒரு பூ நிற்கும். மாசியில் காய் முற்றிவிடும். நகத்தால் கீறித் தோல் இறங்காவிட்டால் பறிக்கலாம். காம்பை ஒரு விரல் நீளம் விட்டு அறுக்க வேண்டும். காம்பு ஒடிந்த காய் சீக்கிரம் அழுகும், காம்போடு இருப்பது பல மாதம் தாங்கும். கட்டிலுக்கடியில் எப்போதும் போன விளைச்சலின் கடைசிக் காய் ஒன்று இருக்கும். புதுக்காயைப் பறிக்கும்வரை அதுதான் எங்கள் சேமிப்பு.

பரங்கி என்ற பெயரிலேயே அது வந்த வழி இருக்கிறது. பறங்கியர் கப்பலில் கொண்டுவந்த காய். அதன் பிறந்த மண் அமெரிக்கக் கண்டம், மெக்சிகோவின் ஓஹாக்கா பகுதிக் குகையொன்றில் பத்தாயிரம் ஆண்டுப் பழமையான பூசணி விதைகள் கிடைத்திருக்கின்றன. மலாய்க்காரர்கள் இதை லாபு என்கிறார்கள். அது சமஸ்கிருதத்தில் சுரைக்காயைக் குறிக்கும் ‘அலாபு’. இன்னொன்றையும் சொல்லாமல் விட மனமில்லை. எங்களுக்குச் சோறு போட்ட பால்மரமும் அதே கண்டத்துக்காரன்தான். பிரேசில் விதையிலிருந்து முளைத்த 22 கன்றுகள் 1877இல் சிங்கப்பூருக்கு வந்து சேர்ந்தன. மரமும் கொடியும் வேறுவேறு வழியில் வந்து எங்கள் லயத்துக் கொல்லையில் சந்தித்தன.

அமெரிக்காவில் தகர டப்பாவில் விற்கும் பூசணிக் கூழின் பெரும்பகுதி இல்லினாய் மாநிலத்து மோர்ட்டன் ஊரைச் சுற்றி விளைகிறது. அங்கே விளையும் டிக்கின்சன் ரகமும் நம் பரங்கியும் ஒரே இனம். கடையில் டப்பா தேடி அலைய வேண்டாம் என்பதற்காகச் சொல்கிறேன்.

அப்பாயி சின்ன வயதில் துரை பங்களாவில் பாத்திரம் கழுவியவர். சமையற்காரர் கேக் சுடுவதைப் பார்த்தே கற்றுக்கொண்டார். லயத்தில் ஏது ஓவன்? பழைய இரும்புக் குவாலியில் மூன்று விரல் கனத்துக்கு மணல் கொட்டுவார். மணல் சூடேறியதும் நடுவில் மூன்று கல், அதன்மேல் கேக் தகரம், அதற்குமேல் விளிம்புள்ள தட்டு, தட்டில் சிரட்டைத் தணல். மேலேயும் நெருப்பு, கீழேயும் நெருப்பு. மலாய்க்காரர்கள் பஹூலு கேக் சுடுவதும் இப்படித்தான். சூடு சரியா என்று பார்க்க ஒரு சிட்டிகை மாவைக் குவாலிக்குள் தகரத் துண்டில் போட்டு மூடி எண்ணுவார். இருபது எண்ணுவதற்குள் மாவு கருகினால் தணலைக் கிள்ளி எடுப்பார், வெளுப்பாகவே இருந்தால் இன்னும் இரண்டு சிரட்டை வைப்பார். பின்னால் மண்ணெண்ணெய் அடுப்பின்மேல் வைக்கும் தகரப் பெட்டி ஓவன் வந்தது. அதில் அடி கருகும், மேல் வெளுக்கும். அப்பாயிக்கு அது கடைசிவரை பிடிக்கவில்லை.

பட்டர் வாங்கக் காசில்லாத மாதம். பரங்கிக்காய்தான் அந்தக் குறையைத் தாங்கியது. அதன் கூழ் கேக்குக்குள் ஈரத்தைப் பிடித்து வைக்கும், அதனால் கொஞ்சம் எண்ணெயே போதும், மூன்றாம் நாளும் மெத்தென்று இருக்கும். ஆனால் காயில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர். பலரும் தவறுவது இங்கேதான். தண்ணீரில் போட்டு வேகவைத்தால் கேக் களிபோலாகிவிடும். ஆவியில் அவித்து, மசித்து, வெள்ளைத் துணியில் கட்டி ஒரு மணி நேரம் தொங்கவிடுங்கள். சொட்டுவது நின்ற பிறகு 300 கிராம் கூழ் வேண்டும்.

என் கணக்கு இது. மாவு 250 கிராம், அதில் இரண்டு தேக்கரண்டி பேக்கிங் பவுடர், அரைத் தேக்கரண்டி சோடா, கால் தேக்கரண்டி உப்பு, பட்டைத்தூள், ஏலம், துளி சாதிக்காய் சேர்த்து இருமுறை சலித்துக்கொள்ளுங்கள். முட்டை மூன்று, துருவிய கூலா மலாக்கா (தென்னை வெல்லம்) 180 கிராம், இரண்டையும் கெட்டியாக நுரைக்க அடியுங்கள். 150 மில்லி எண்ணெயை நூல்போல ஊற்றி, கூழைச் சேர்த்து, கடைசியில் மாவு. மாவு விழுந்த பிறகு கரண்டியை அதிகம் சுழற்றாதீர்கள், வெள்ளைத் திட்டு மறைந்ததும் நிறுத்துங்கள். மேலும் கிண்டினால் மாவின் பசைத்தன்மை கிளம்பிக் கேக் ரப்பராகும். எட்டு அங்குலத் தகரம், 170 டிகிரி, 50 நிமிடம். குச்சி குத்திப் பார்த்தால் மாவு ஒட்டக்கூடாது.

கேக் யாருக்காக என்று இன்னும் சொல்லவில்லை. சடக்குக்கு அந்தப் பக்கம் சீனர் கம்பம். அங்கே பன்றிப் பண்ணை வைத்திருந்த ஒரு குடும்பத்து அம்மாவை நாங்கள் ஆ சோ என்போம். சீனப் பெருநாளுக்கு அவர் வீட்டிலிருந்து பூசணி போட்ட ஹுவாட் குவே வரும். ஆவியில் வெந்து, மேலே பூப்போல வெடித்திருக்கும். எவ்வளவு நன்றாக வெடிக்கிறதோ அந்த வருடம் அவ்வளவு செழிப்பு என்பது அவர்கள் நம்பிக்கை. பதிலுக்கு அப்பாயியின் கேக் போகும். இருவருக்கும் பொதுவாக இருந்தது பாசார் மலாய்தான். “லாபு பாகுஸ்” என்று ஆ சோ சொல்வார், பூசணி அருமை என்று. அப்பாயிக்கு அது ஆண்டு முழுவதற்கும் போதும்.

1999இல் சீனப் பெருநாள் பிப்ரவரி 16ஆம் தேதி. இலை கொட்டிக்கொண்டிருந்தது. கம்பத்தில் ஒருவர்பின் ஒருவராகக் காய்ச்சலில் விழுந்தார்கள். ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்று நினைத்துக் கொசுப்புகை அடித்தார்கள், ஊசி போட்டார்கள். மார்ச் மாதத்தில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் டாக்டர் சுவா காவ் பிங் புதிய கிருமி ஒன்றைக் கண்டுபிடித்தார். பக்கத்துச் சுங்கை நிப்பா கிராமத்தின் பெயரே அதற்கு வைக்கப்பட்டது. நாடு முழுவதும் 265 பேரைப் பிடித்தது, 105 பேர் இறந்தார்கள். பண்ணைகளில் வேலை செய்த தமிழர்களும் அதில் உண்டு. பன்றிகளிடமிருந்து பரவியதால் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட பன்றிகள் கொல்லப்பட்டன. துப்பாக்கிச் சத்தம் லயம்வரை கேட்டது. ஆ சோ குடும்பம் துணிமூட்டையோடு லாரியில் ஏறிப் போனது. அந்த வருடம் அப்பாயி காயை வெட்டவில்லை. கட்டிலுக்கடியிலேயே கிடந்து அழுகியது, அந்த நாற்றத்தை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

ஆ சோ திரும்பி வந்தார். பண்ணை திரும்பவில்லை. அந்த இடத்தில் டிராகன் பழம் வைத்தார்கள், வேலியோரமாகப் பூசணிக் கொடி விட்டார்கள். விதை அப்பாயி கொடுத்தது.

இனி அலங்காரம். அக்டோபர் ஈரக் காற்றில் சர்க்கரைப் பூச்சு காயாது, வியர்த்து வழியும். பட்டர் பூச்சு நம் வெயிலில் நிற்காது. மாசி வறட்சியில் மட்டும் முட்டை வெள்ளைப் பூச்சு ஓடுபோல் இறுகும். இந்தக் கேக் இந்த மாதத்துக்கு உரியது என்று நான் அடித்துச் சொல்ல அதுவும் ஒரு காரணம். ஒரு முட்டையின் வெள்ளைக்கரு, 200 கிராம் ஐசிங் சீனி, சில துளி எலுமிச்சைச் சாறு. கூம்புத் தாளில் நிரப்பி, நுனியைக் கோலமாவு இழை அளவுக்கு வெட்டுங்கள். கேக் முழுக்க ஆறியிருக்க வேண்டும். ஏழு புள்ளி நேர்ப்புள்ளிக் கோலம் எட்டு அங்குலத்தில் அழகாக உட்காரும். பழுப்புக் கேக்கில் வெள்ளை இழை, சாணம் தெளித்த வாசல் மாதிரியே இருக்கும். விளிம்பைச் சுற்றி வறுத்த பூசணி விதை. நடுவில் ஒரு வட்டத்தைக் காலியாக விடுங்கள், அது பூசணிப் பூவுக்கு. பூவை விடியலில் பறிக்க வேண்டும், உள்ளே எறும்பு இருக்கும், தட்டிவிட்டு மகரந்தத் தண்டைக் கிள்ளிவிடுங்கள். மதியத்துக்குள் சுருங்கிவிடும், ஆகவே கடைசியாக வையுங்கள்.

இந்த வருடம் தங்கை மகள்தான் கோலம் போட்டாள். இரண்டு இடத்தில் இழை அறுந்தது, மூன்றாவது முறை சரியாக வந்தது. ஆ சோ வீட்டுப் பின்புறம் கிழட்டுப் பால்மரம் மூன்று இன்னும் நிற்கிறது. கேக்கைத் தூக்கிக்கொண்டு அந்த வழியாகத்தான் அவளை அழைத்துப் போனேன். காலடியில் சருகு நொறுங்கியதும் நின்றுவிட்டாள். அண்ணாந்து பார்த்தாள். செம்பு நிற இலை ஒன்று கேக் தட்டில் விழுந்தது, அதை எடுத்துப் பையில் வைத்துக்கொண்டாள்.

ஆ சோவுக்கு இப்போது காது சரியாகக் கேட்பதில்லை. கேக்கைப் பார்த்ததும், “லாபு?” என்றார். பதினொரு மணிக்கெல்லாம் பூ வாடத் தொடங்கியது. அவர் மருமகள் அதை மெல்ல எடுத்துப் போய், மாவில் தோய்த்துப் பொரித்து, நான்காக வெட்டிக்கொண்டு வந்து எங்கள் முன்னால் வைத்தார்.

(தொடரும்)