ஜவ்வாது மலைக்கு மேலே ஒரு புவியியல் வகுப்பு

ஜவ்வாது மலைக்கு மேலே விமானம் ஓட்ட ஆசையா, நேயர்களே? 2020-இல் வந்த மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டர் வீடியோ கேமில் ஓட்டலாம். செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு பூமி முழுவதையும் அதற்குள் கொண்டுவந்துவிட்டார்கள்!

கிழக்குத் தொடர்ச்சி மலை துண்டு துண்டாக இருக்கும் என்று பாடப்புத்தகத்தில் ஒரு வரி வரும். பரீட்சைக்கு மனப்பாடம் செய்வதோடு சரி. ஜவ்வாது மலையும் அதில் ஒரு துண்டுதான். இந்த மலையிலுள்ள ஜமுனாமரத்தூருக்கு மேலே கேமில் பறக்கும் ஏழாம் வகுப்புப் பிள்ளைக்கோ அது கண்ணெதிரே தெரியும். தெற்கே போனால் மலை இறங்கி, தென்பெண்ணை ஆறு வரும். அதற்கு அப்பால்தான் அடுத்த துண்டான கல்வராயன் மலை. வடக்கே பாலாறு. மலைத்தொடரை இப்படி அறுத்துப் போட்டதில் ஆறுகளுக்குப் பெரும் பங்கு உண்டு.

நல்ல வேகமான கம்ப்யூட்டரும் வேகமான இணைய இணைப்பும் வேண்டும். ஆசிரியர்களே, ஒரு பீரியட் ஒதுக்கிப் பாருங்களேன்!