வருஷத்துக்கு ஒரு ஐபோன்... புதுசா என்ன இருக்கு? ஸ்ரீபெரும்புதூர் வேலைக்கு பிள்ளைகளை அனுப்பிய குடும்பங்கள் தெரிந்து கொள்ள வேண்டிய கணக்கு

சுந்தரபாண்டியம்,

விருதுநகர் மாவட்டம் ஸ்ரீவில்லிபுத்தூரை அடுத்த சுந்தரபாண்டியம் தறி சத்தம் கேட்கும் ஊர். தீபாவளி வந்தால் சேலைக்கு புது டிசைன் வரும். பார்டர் மாறும், கலர் மாறும். கடைக்காரர் "புதுசு" என்று எடுத்து போடுவார். ஆனால் நெய்தவருக்கு தெரியும், சேலை அதே சேலை தான், தறியும் அதே தறி தான்.

உலகத்திலேயே அதிக மதிப்புள்ள கம்பெனிகளில் ஒன்றான ஆப்பிள் பற்றியும் சில வருஷமாக இதே பேச்சு தான் ஓடுகிறது. செப்டம்பர் மாதம் வந்தால் புது ஐபோன் வருகிறது. கேமரா கொஞ்சம் மாறுகிறது, கலர் மாறுகிறது. "போன வருஷ போனுக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம்?" என்று வாங்கியவர்களே கேட்கிறார்கள். ஆனால் கம்பெனியின் மதிப்பு மட்டும் ஏறிக்கொண்டே போனது. 2025 அக்டோபரில் அது 4 லட்சம் கோடி டாலரை தொட்டது. நம்ம ரூபாயில் சுமார் 350 லட்சம் கோடி. மத்திய அரசின் 2025-26 பட்ஜெட் மொத்தமே சுமார் 50 லட்சம் கோடி தான். அதாவது 7 வருஷ பட்ஜெட்டுக்கு சமம்.

இவ்வளவு மதிப்புக்கு தகுந்த மாதிரி அந்த கம்பெனி இன்னும் புதுசு புதுசாக கண்டுபிடிக்கிறதா? இல்லை, பழைய பெயரை வைத்தே ஓட்டுகிறதா?

நமக்கு என்ன சம்பந்தம்?

"அமெரிக்க கம்பெனி கதை நமக்கு எதுக்கு?" என்று விட்டுவிட முடியாது. ஐபோனை பொருத்தும் வேலை தமிழ்நாட்டில் பெரிய அளவில் நடக்கிறது. ஸ்ரீபெரும்புதூர் அருகே உள்ள பாக்ஸ்கான் ஆலையில் 2019-ல் ஐபோன் எக்ஸ்.ஆர். மாடல் தயாரானது. செங்கல்பட்டு அருகே மகிந்திரா சிட்டியில் பெகாட்ரான் ஆலை வந்தது. அதை நடத்திய கம்பெனியின் 60 சதவீத பங்கை 2025 ஜனவரியில் டாடா எலக்ட்ரானிக்ஸ் வாங்கியது. ஓசூர் பக்கம் டாடா ஆலையில் ஐபோனின் மேல்கூடு தயாராகிறது. 2025-ல் வெளிவந்த ஐபோன் 17 வரிசையில் எல்லா மாடலும் இந்தியாவிலும் செய்யப்பட்டது.

இந்த ஆலைகளில் வேலை பார்ப்பவர்களில் பெரும்பாலோர் இளம்பெண்கள். விருதுநகர் போன்ற தென்மாவட்டங்களில் இருந்து 500 கிலோ மீட்டர் தாண்டி போய் விடுதியில் தங்கி வேலை பார்க்கிறார்கள். ஸ்ரீபெரும்புதூர் அருகே வல்லம் வடகாலில் 18 ஆயிரத்து 720 பெண்கள் தங்கும் விடுதி 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. இதை சிப்காட் நிறுவனம் 706 கோடி ரூபாய் செலவில் கட்டியது. பொங்கலுக்கும் ஆடிப்பூரத்துக்கும் பொதிகை எக்ஸ்பிரசில் வந்து இறங்கும் பிள்ளைகள் கொண்டு வரும் சம்பளத்தில் தான் பல வீட்டில் கடன் அடைகிறது, தம்பி படிக்கிறான்.

அந்த சம்பளம் எத்தனை வருஷம் வரும் என்பது, ஐபோனை உலகம் எத்தனை வருஷம் விரும்பும் என்பதில் தான் இருக்கிறது.

தோப்பு கணக்கு

முதலில் "மதிப்பு" என்றால் என்ன என்று பார்ப்போம். கம்பெனியின் கல்லாவில் அவ்வளவு பணம் இருக்கிறது என்று அர்த்தம் இல்லை. ஒரு பங்கின் விலையை மொத்த பங்குகளால் பெருக்கினால் வருவது தான் மதிப்பு.

வத்திராயிருப்பு பக்கம் ஒரு தென்னந்தோப்பு இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். செலவு போக வருஷம் 1 லட்சம் ரூபாய் கிடைக்கிறது. அந்த தோப்பை ஒருவர் 35 லட்சம் கொடுத்து வாங்கினால், "வருங்காலத்தில் காய்ப்பு இன்னும் கூடும்" என்ற நம்பிக்கையில் தான் வாங்குகிறார். இல்லாவிட்டால் போட்ட காசை எடுக்கவே 35 வருஷம் ஆகும்.

ஆப்பிள் கதையும் அது தான். 2025 செப்டம்பருடன் முடிந்த கணக்கு ஆண்டில் அதன் நிகர லாபம் சுமார் 11 ஆயிரத்து 200 கோடி டாலர். 4 லட்சம் கோடி மதிப்பு என்பது அந்த லாபத்தை போல 35 மடங்கு. ஆக, பங்கு வாங்கியவர்கள் கொடுத்தது இன்றைய லாபத்துக்கு மட்டும் அல்ல. இனிமேல் வரப்போகும் காய்ப்புக்கும் சேர்த்து தான் விலை கொடுத்து இருக்கிறார்கள்.

புதுசாக செய்தது என்ன?

2007-ல் ஸ்டீவ் ஜாப்ஸ் முதல் ஐபோனை காட்டியபோது அது உண்மையிலேயே புதுசு. பட்டன் இல்லாமல் விரலால் தொட்டு தள்ளும் போன் அதற்கு பிறகு தான் எல்லார் கைக்கும் வந்தது. 2010-ல் ஐபேட் வந்தது. 2011-ல் ஜாப்ஸ் காலமானார். அதற்கு சில வாரம் முன்பு டிம் குக் பொறுப்புக்கு வந்தார். அப்போது கம்பெனியின் மதிப்பு சுமார் 35 ஆயிரம் கோடி டாலர். பிறகு அது 10 மடங்குக்கு மேல் ஏறியது.

இந்த காலத்தில் புதுசே வரவில்லை என்று சொன்னால் தப்பு. 2015-ல் கைக்கடிகாரம், 2016-ல் ஒயர் இல்லாத ஏர்பாட்ஸ் வந்தது. இரண்டும் நன்றாக விற்றன. 2020-ல் தன் கம்ப்யூட்டருக்கு சொந்தமாக வடிவமைத்த எம்-1 சிப் வந்தது. பேட்டரி அதிக நேரம் நின்றது, சூடு குறைந்தது. வெளியே தெரியாவிட்டாலும் இது பெரிய வேலை.

தோல்வியும் உண்டு. 2024 பிப்ரவரியில் விஷன் புரோ என்ற கண்ணில் மாட்டும் கருவி விற்பனைக்கு வந்தது. விலை 3 ஆயிரத்து 499 டாலர், சுமார் 2 லட்சத்து 90 ஆயிரம் ரூபாய். சாதாரண ஜனங்கள் பக்கத்தில் போக முடியவில்லை. சுமார் 10 வருஷம் ரகசியமாக முயன்ற கார் திட்டம் அதே மாதம் கைவிடப்பட்டது.

சில விஷயத்தில் ஆப்பிள் மற்றவர்களுக்கு பின்னால் தான் வந்தது. சாம்சங் 2019-லேயே மடிக்கும் போனை விற்றது. 2025 ஐபோன் வரிசையில் கூட மடிக்கும் போன் இல்லை. டைப்-சி சார்ஜர் ஐபோனுக்கு வந்தது 2023-ல். அதுவும் ஐரோப்பிய நாடுகள் சட்டம் போட்ட பிறகு. செயற்கை நுண்ணறிவில் சாட்ஜிபிடி 2022-ல் வந்து ஊரையே கலக்கியது. சிரியை அது போல புத்திசாலி ஆக்குவோம் என்று ஆப்பிள் 2024-ல் சொன்னது. 2025 மார்ச்சில் அதை தள்ளிப்போட்டது. கடைசியில் 2026 ஜனவரியில் கூகுளின் ஜெமினியை பயன்படுத்த ஒப்பந்தம் போட்டது.

பிறகு மதிப்பு ஏன் ஏறியது?

இதற்கு 2 காரணம் இருக்கிறது.

முதல் காரணம், வந்தவர்கள் வெளியே போவது இல்லை. ஐபோன் வாங்கியவரின் போட்டோ, பாட்டு, பணம் எல்லாம் அதற்குள்ளேயே இருக்கிறது. வேறு போனுக்கு மாறுவது வீடு மாறுவது மாதிரி. அவர்களிடம் மாத சந்தா, ஆப் விற்பனையில் கமிஷன் என்று தனியாக வருமானம் வருகிறது. 2025 கணக்கு ஆண்டில் இந்த சேவை வருமானம் மட்டும் சுமார் 10 ஆயிரத்து 900 கோடி டாலர். மொத்த வருமானத்தில் கால்வாசி. ஐபோனில் கூகுள் தேடலை முதலில் வைப்பதற்காக 2022-ல் மட்டும் கூகுள் 2 ஆயிரம் கோடி டாலர் கொடுத்தது அமெரிக்க கோர்ட்டு வழக்கில் வெளியே வந்தது.

2-வது காரணம், கம்பெனி தன் பங்கை தானே வாங்குகிறது. மறுபடியும் தோப்புக்கு வருவோம். 10 பேர் பங்குள்ள தோப்பு. வருஷ வருமானத்தை வைத்து 4 பேரின் பங்கை விலைக்கு வாங்கி கணக்கை முடித்தாச்சு. மீதி 6 பேர் தான். ஒரு காய் கூட கூடவில்லை. ஆனால் ஆளுக்கு கிடைக்கும் பங்கு கூடிவிட்டது.

இப்படி தான் 2012-ல் இருந்து ஆப்பிளின் மொத்த பங்குகள் 40 சதவீதத்துக்கு மேல் குறைந்தன. 2025 கணக்கு ஆண்டில் பங்கை திரும்ப வாங்க சுமார் 9 ஆயிரம் கோடி டாலர் செலவானது. ஆராய்ச்சிக்கு செலவானது சுமார் 3 ஆயிரத்து 400 கோடி. புதுசு கண்டுபிடிக்க 1 ரூபாய் என்றால், பங்கு வாங்க இரண்டரை ரூபாய்க்கு மேல்.

நோக்கியா பாடம்

"இவ்வளவு பெரிய கம்பெனிக்கு என்ன ஆகிவிடும்?" என்று கேட்கலாம். இதே கேள்வியை ஸ்ரீபெரும்புதூர் ஒரு தடவை கேட்டு பதிலும் பார்த்துவிட்டது.

டார்ச் லைட் வைத்த நோக்கியா 1100 நம்ம ஊரில் இல்லாத வீடு குறைவு. 2000-ம் ஆண்டில் நோக்கியாவின் மதிப்பு 25 ஆயிரம் கோடி டாலர் அளவுக்கு போனது. ஐரோப்பாவிலேயே பெரிய கம்பெனி. 2006-ல் ஸ்ரீபெரும்புதூரில் செல்போன் ஆலை ஓட தொடங்கியது. நேரடியாக சுமார் 8 ஆயிரம் பேர் வேலை பார்த்தார்கள். 2007-ல் உலகத்தில் விற்ற 10 செல்போனில் கிட்டத்தட்ட 4 நோக்கியா தான்.

அதே 2007-ல் தான் ஐபோன் வந்தது. இந்தியாவில் 2008 ஆகஸ்டில் விற்பனைக்கு வந்தபோது விலை 31 ஆயிரம் ரூபாய். "இந்த விலைக்கு யார் வாங்குவா?" என்று சிரித்தவர்கள் பலர்.

நோக்கியா சும்மா இருக்கவில்லை. 2010-ல் நெட்வொர்க் தொழிலையும் சேர்த்து ஆராய்ச்சிக்கு 580 கோடி யூரோவுக்கு மேல் செலவு செய்தது. ஆப்பிள் அந்த வருஷம் செலவழித்தது சுமார் 180 கோடி டாலர் தான். ஆனாலும் நோக்கியா தோற்றது. 2013-ல் செல்போன் தொழிலை மைக்ரோசாப்டுக்கு 544 கோடி யூரோவுக்கு விற்க முடிவு செய்தது. வரி பாக்கி வழக்கால் ஸ்ரீபெரும்புதூர் ஆலையை மட்டும் மைக்ரோசாப்டுக்கு கொடுக்க முடியவில்லை. ஆர்டர் நின்றது. 2014 நவம்பர் 1-ந் தேதி ஆலை மூடப்பட்டது. வேலை பார்த்த பிள்ளைகள் கணக்கை முடித்து வாங்கிக்கொண்டு ஊர் திரும்பினார்கள்.

அதோடு முடியவில்லை. நோக்கியாவை நம்பி அதே வளாகத்தில் நடந்த பாக்ஸ்கான் ஆலையும் அந்த டிசம்பரில் வேலையை நிறுத்தியது. ஆம், இன்று ஐபோன் பொருத்தும் அதே பாக்ஸ்கான் தான். பூட்டிக்கிடந்த நோக்கியா ஆலையில் 2020-ல் சால்காம்ப் என்ற கம்பெனி வேலையை தொடங்கியது. அது ஆப்பிளுக்கு சார்ஜர் சப்ளை செய்யும் கம்பெனி.

நெசவாளிக்கு புரியும் விஷயம் இது. கைத்தறியை இன்னொரு நல்ல கைத்தறி வந்து தோற்கடிக்கவில்லை. விசைத்தறி வந்து தோற்கடித்தது. நோக்கியாவையும் அதைவிட நல்ல பட்டன் போன் தோற்கடிக்கவில்லை. பட்டனே இல்லாத போன் தான் தோற்கடித்தது.

அப்படியானால் ஆப்பிள்?

ஆப்பிள் உடனே நோக்கியா ஆகிவிடும் என்று சொல்ல முடியாது. நோக்கியாவை வைத்திருந்தவர் சிம்மை கழற்றி வேறு போனில் போட்டால் வேலை முடிந்தது. ஐபோனில் இருந்து அப்படி சுலபமாக மாற முடியாது. சொந்த சிப் இருக்கிறது, சேவை வருமானம் இருக்கிறது.

ஆனால் மொத்த வருமானத்தில் பாதி இன்னும் ஐபோன் ஒன்றில் இருந்து தான் வருகிறது. இருப்பதை நன்றாக செய்வதில் அந்த கம்பெனி கெட்டிக்காரன். அதற்கு தகுந்த லாபமும் வருகிறது. ஆனால் 35 மடங்கு விலை என்பது அடுத்த பெரிய பொருளையும் இவர்கள் தான் கொண்டு வருவார்கள் என்ற நம்பிக்கைக்கும் சேர்த்து கொடுத்த விலை. ஐபோனுக்கு பிறகு அந்த அளவுக்கு ஒரு பொருள் இன்னும் வரவில்லை. கணக்கு இடிப்பது அந்த இடத்தில் தான்.

பங்கு வாங்கியவருக்கு விலை இறங்கினால் நஷ்டம், அவ்வளவு தான். மறுநாள் வேறு பங்கு வாங்கிக்கொள்வார். ஆலையில் நிற்கும் பிள்ளைக்கு அப்படி இல்லை. நாளைக்கே பேசியே வேலை செய்யும் கண்ணாடியோ, வேறு ஏதாவது கருவியோ போனுக்கு பதிலாக வந்தால், அதை செய்யப்போவது எந்த கம்பெனி, எந்த ஊரில் என்பது தான் அவள் கேள்வி.

எதை கவனிக்க வேண்டும்?

ஐபோன் வேலைக்கு பிள்ளைகளை அனுப்பிய பெற்றோர் பங்கு மார்க்கெட்டை பார்க்க வேண்டியது இல்லை. வெளியில் இருந்து வரும் பாகங்களை பொருத்துவது மட்டும் தமிழ்நாட்டில் நடக்கிறதா, இல்லை பாகங்களையே இங்கு செய்யும் ஆலைகள் பெருகுகிறதா என்று பார்க்க வேண்டும். பொருத்தும் வேலையை இடம் மாற்றுவது சுலபம். பாகம் செய்யும் ஆலை சீக்கிரம் மூட்டை கட்டாது. ஒரே கம்பெனி ஆர்டரை நம்பாமல் 2, 3 கம்பெனிக்கு செய்யும் ஆலை என்றால் இன்னும் நல்லது.

வேலைக்கு போன பிள்ளைகளும் சம்பள ரசீது, அனுபவ சான்றிதழ், பி.எப். கணக்கு எண் மூன்றையும் பத்திரமாக வைத்துக்கொள்ள வேண்டும். ஆலை மாறினாலும் பி.எப். கணக்கின் யு.ஏ.என். எண் மாறாது. லைனில் நிற்கும்போதே மிஷின் பராமரிப்பு, தர சோதனை என்று ஒரு வேலையை கற்றுக்கொண்டால் கம்பெனி பெயர் மாறினாலும் கைத்தொழில் கூடவே வரும்.

நோக்கியா ஆலையில் வேலை கிடைத்தபோது இனிப்பு கொடுத்த வீடுகள் பல. 2006-ல் ஓட தொடங்கிய அந்த ஆலையில் 9-வது வருஷம் முடிவதற்குள் பூட்டு தொங்கியது. பாக்ஸ்கானில் முதல் ஐபோன் எக்ஸ்.ஆர். தயாரானது 2019-ல் என்பது குறிப்பிடத்தக்கது.