வேன் கூரையை அறுப்பதற்கு முன்

திருச்செந்தூர் சூரசம்ஹாரத்துக்கும், ஆகஸ்ட் 5 பனிமய மாதா திருவிழாவுக்கும் வேன் பிடித்து வரும் குடும்பங்கள் அந்த வேனிலேயே இரவைக் கழித்துவிடுவது தூத்துக்குடிக் கரையில் வழக்கம்தான். இருக்கையைச் சாய்த்துப் பெரியவர்கள், நடுவில் பாய் விரித்துப் பிள்ளைகள், காற்றுக்காகத் திறந்து போட்ட கதவு, அதன் வழியே கொசு. அதே வேனின் கூரையை ராத்திரிக்கு மட்டும் தூக்கி விரித்து, மேலே இருவர் படுக்கவும் கீழே நிமிர்ந்து நிற்கவும் இடம் செய்துகொள்ள முடியுமா? முடியும். வெளிநாட்டில் எழுபது ஆண்டுகளாகச் செய்கிறார்கள். ஆனால் இந்தியாவில், அதிலும் உப்புக் காற்றுள்ள இந்தக் கரையில், வேலையை எந்த வரிசையில் செய்கிறோம் என்பது முக்கியம். முதலில் காகிதம், பிறகு இரும்புச் சட்டம், அதற்கும் பிறகுதான் கூரை. வரிசை மாறினால் பணத்தோடு வண்டியும் முடங்கும்.

இந்த வகை வண்டிக்குப் ‘பாப்-டாப்’ கேம்பர் என்று பெயர். வேனின் கூரைத் தகட்டில் பெரிய செவ்வகத்தை வெட்டி எடுத்துவிட்டு, அதன்மேல் ஃபைபரில் வார்த்த இலகுவான மூடி ஒன்றைப் பொருத்துவார்கள். மூடிக்கும் வேனுக்கும் நடுவே கேன்வாஸ் துணி. காரின் பின்கதவைத் தாங்கிப் பிடிக்குமே, அதே வகை கேஸ் ஸ்ட்ரட்டுகள் மூடியை மேலே தள்ளி நிறுத்தும். சிலவற்றில் பின்பக்கம் மட்டும் உயரும். சிலவற்றில் பக்கவாட்டில் திறக்கும். சிலவற்றில் நான்கு மூலையும் ஒன்றாக எழும். ஜெர்மனியில் வெஸ்ட்ஃபாலியா நிறுவனம் 1951-இல் ஃபோக்ஸ்வாகன் வேனுக்குள் வைக்கும் முகாம் பெட்டியோடு தொடங்கியது. இங்கிலாந்தின் ஃபோக்ஸ்டன் ஊரில் மார்ட்டின் வால்ட்டர் நிறுவனம் ‘டார்மொபைல்’ என்ற பெயரில் பக்கவாட்டில் திறக்கும், கோடு போட்ட கேன்வாஸ் கூரைகளைப் போட்டுக் கொடுத்தது. கூரையை மூடினால் அது சாதாரண வேன். இன்றைய ஃபோக்ஸ்வாகன் கலிபோர்னியா மூடிய நிலையில் 2 மீட்டருக்குள்தான் இருக்கிறது. உயரத் தடை போட்ட வாகன நிறுத்தத்துக்குள்ளும் அதனால் நுழைய முடிகிறது.

உங்களுக்கு இது தேவைதானா என்பதை முதலில் பார்த்துவிடுங்கள். நம் சாலைகளில் ஓடும் ஃபோர்ஸ் டிராவலர், அர்பேனியா, உயரக் கூரை வைத்த டாடா விங்கர் ஆகியவற்றில் ஏற்கெனவே நிமிர்ந்து நடக்கலாம். அவற்றின் கூரையை அறுப்பது வீண் செலவு என்பதே என் கருத்து. உள்ளே கட்டில் போட்டால் போதும். தூக்குக் கூரைக்கு அர்த்தம் இருப்பது தாழ்ந்த கூரை வேன்களில்தான். மாருதி ஈக்கோ ஏறக்குறைய 1.8 மீட்டர் உயரம். உள்ளே குனிந்துதான் உட்கார வேண்டும். ஆனால் அதன் சுமை தாங்கும் அளவும் சிறியது. மூடி, சட்டம், படுக்கைப் பலகை, பேட்டரி, தண்ணீர் எல்லாவற்றையும் ஏற்றிவிட்டு நான்கு பேர் உட்கார்ந்தால், வண்டிக்கு அனுமதித்த மொத்த எடைக்குள் நிற்குமா என்று கணக்குப் போட வேண்டும். அந்தக் கணக்கை எழுதித் தராத பட்டறையில் வண்டியை விடாதீர்கள்.

இனி சட்டம். வண்டியை வாங்கியாயிற்று, நம் சொத்து, நாம் மாற்றிக்கொள்ளலாம் என்ற எண்ணம் பலருக்கு உண்டு. மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-ஆவது பிரிவு அப்படிச் சொல்லவில்லை. ஆர்.சி. புத்தகத்தில் உள்ள விவரங்கள், தயாரித்த நிறுவனம் முதலில் குறித்த விவரங்களிலிருந்து மாறும்படி உரிமையாளர் வண்டியை மாற்றக் கூடாது. கேரளத்திலிருந்து போன ஒரு வழக்கில் 2019 ஜனவரி 9 அன்று உச்ச நீதிமன்றம் இதையே உறுதி செய்தது. வண்டியின் அடிப்படை அமைப்பை மாற்றும் கட்டமைப்பு வேலைதான் சட்டத்தின் கண்ணில் ‘மாற்றம்’. கூரையில் ஆள் நுழையும் அளவுக்கு ஓட்டை போடுவது அதில் சேராது என்று யாரும் வாதாட முடியாது. இருக்கையைக் கழற்றிக் கட்டில் போட்டாலே இருக்கை எண்ணிக்கை மாறுகிறது, அதுவும் ஆர்.சி.யில் உள்ள விவரம்தான். அதே 2019-இல் வந்த திருத்தச் சட்டம், அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்று 182-ஏ பிரிவில் சேர்த்தது.

அபராதத்தைவிடப் பெரிய அடி இன்சூரன்ஸில் விழும். விபத்து நடந்து சர்வேயர் வந்து பார்க்கிறார். காப்பீடு போட்டது ஒரு வண்டிக்கு, நிற்பது வேறொரு வண்டி. இழப்பீட்டுக்கு அலைய வேண்டியது உங்கள் குடும்பம். வண்டி கடனில் இருந்தால் கடன் கொடுத்த நிறுவனத்தின் எழுத்து ஒப்புதலும் வேண்டும்.

அப்படியானால் வழியே இல்லையா? இருக்கிறது. வாழும் வசதியோடு கட்டப்படும் வண்டியை ‘மோட்டார் காரவன்’ என்ற தனி வகையாக இந்திய விதிகள் ஏற்கின்றன. நமக்குக் காரவன் என்றால் படப்பிடிப்புத் தளத்தில் நடிகர்களுக்காக நிற்கும் வண்டிதான் நினைவுக்கு வரும். விதிகள் சொல்வது அதைவிடப் பரந்தது. இருக்கையும் மேசையும், படுக்கை, சமையல் வசதி, பொருள் வைக்கும் இடம் ஆகியவை வண்டியில் இருக்க வேண்டும். இதற்கான தரநிலை ஏ.ஐ.எஸ்.-124. ஒரு நிறுவனம் தன் வடிவமைப்பைப் புனேயின் ஏ.ஆர்.ஏ.ஐ., மானேசரின் ஐகேட், சென்னைக்கு அருகே ஒரகடத்தில் உள்ள ஜி.ஏ.ஆர்.சி. போன்ற சோதனை மையம் ஒன்றில் காட்டி ஒப்புதல் வாங்குகிறது. அந்த ஒப்புதலின் பேரில் கட்டிய வண்டி, தொடக்கத்திலேயே காரவன் என்று பதிவாகிறது. புனேயின் பினாக்கிள், பஞ்சாபின் ஜே.சி.பி.எல். போன்ற நிறுவனங்கள் காரவன் கட்டுகின்றன. நம் பக்கத்தில் கரூர் பஸ் பாடிக்குப் பேர்போன ஊர். ஆனால் பஸ் பாடிக்கு வாங்கிய அங்கீகாரம் காரவனுக்குச் செல்லும் என்று நினைத்துவிடக் கூடாது.

ஆகவே பட்டறையில் முதலில் கேட்க வேண்டியது விலையை அல்ல. “இந்த மாடல் வண்டிக்கு, இந்தக் கூரையோடு, டைப் அப்ரூவல் சான்றிதழ் இருக்கிறதா? நகல் தருவீர்களா?” என்று கேளுங்கள். பிறகு அந்த நகலை எடுத்துக்கொண்டு உங்கள் ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குப் போய், இப்படிக் கட்டிய வண்டியைப் பதிவு செய்வார்களா என்று எழுத்தில் கேட்டுவிடுங்கள். பல ஆண்டு ஓடிய பழைய வேனைக் கொண்டுபோய்க் கூரை மாற்றுவது இதில் மிகக் கடினமான பாதை. புது வண்டியில் தொடங்குவதே எளிது. வாடகைக்கு விடும் எண்ணம் இருந்தால் வெள்ளை போர்டு போதாது. மஞ்சள் போர்டும் அதற்குரிய பெர்மிட்டும் வரியும் தனி. கேரளம் 2021-இல் ‘கேரவன் கேரளா’ திட்டத்தைத் தொடங்கியது. தமிழ்நாடு 2023-இல் வெளியிட்ட சுற்றுலாக் கொள்கையும் காரவன் சுற்றுலாவை முன்னுரிமைப் பிரிவுகளில் ஒன்றாக வைத்திருக்கிறது. எனவே அதிகாரிகளுக்கு இது முற்றிலும் புதிய பேச்சு அல்ல.

காகிதம் கைக்கு வந்தபின் வேலைக்கு வருவோம். லாரிக்கு அடியில் தனிச் சேஸி இருக்கிறது. இன்றைய வேன்கள் பலவற்றில் தளம், தூண், கூரை எல்லாம் சேர்ந்துதான் பலம். கூரைத் தகட்டின் அடியில் குறுக்காக ஓடும் வளைசட்டங்கள் வண்டி உருளும்போது தலையைக் காப்பவை. தூக்குக் கூரைக்காக அவற்றில் இரண்டு மூன்றை அறுத்தே ஆக வேண்டும். அறுத்த பலத்தைத் திருப்பிக் கொடுப்பது ஓட்டையைச் சுற்றிப் பொருத்தும் எஃகுச் சட்டம். அது வண்டி மாடலுக்கென்றே அளவெடுத்துச் செய்ததாக, மிச்சமிருக்கும் வளைசட்டங்களோடும் பக்கத் தூண்களோடும் இணைவதாக இருக்க வேண்டும். நல்ல பட்டறை இந்தச் சட்டத்தை முதலில் பொருத்திப் பார்த்து, அளவு சரியென்று தெரிந்தபின்தான் கூரையில் பிளேடு வைக்கும். வெட்டும் முன் பேட்டரி இணைப்பைக் கழற்றி, உள்துணியை இறக்கி, கூரையோரம் ஓடும் ஒயர்களை ஒதுக்க வேண்டும். பக்கத் திரை ஏர்பேக் உள்ள வண்டியில் அந்த ஓரத்தில்தான் ஏர்பேக் மடிந்து கிடக்கிறது. அங்கே வெல்டிங் பொறி பறக்கவே கூடாது.

உப்பளங்கள் நடுவே ஓடும் நம் சாலைகளில் வண்டிக்கு என்ன ஆகும் என்பது ஊரில் எல்லோருக்கும் தெரியும். முள்ளக்காடு, ஆறுமுகநேரி, வேப்பலோடை வழியே தினமும் போய்வரும் வண்டியின் கதவடி எவ்வளவு சீக்கிரம் அரிக்கிறது என்று டிங்கரிங் பட்டறைக்காரர்களைக் கேளுங்கள். கம்பெனியில் வந்த தகட்டுக்கு மேலே பூச்சு மேல் பூச்சு இருக்கிறது. அறுத்த விளிம்பில் எதுவும் இல்லை, பச்சை இரும்பு. அந்த விளிம்பை அரம் போட்டு மழுக்கி, துத்தநாகம் கலந்த பிரைமர், அதன்மேல் எபாக்ஸி, அதன்மேல் பெயிண்ட் என்று அடைத்த பிறகே பாலியூரித்தேன் பசை வைத்துச் சட்டத்தை ஒட்ட வேண்டும். பெயிண்ட் காயும் முன் அவசரப்பட்டு ஒட்டினால் பசைக்கு அடியிலேயே துரு தொடங்கும். வெளியே தெரிவதற்குள் இரண்டு மழைக்காலம் போய்விடும். அறுக்கும்போது தெறிக்கும் இரும்புத் துகளையும் காந்தம் வைத்து ஒன்று விடாமல் எடுக்க வேண்டும். ஒவ்வொரு துகளும் பெயிண்டில் ஒரு துருப்புள்ளி. அலுமினியக் கீலை இரும்பு போல்ட்டால் நேரடியாக முடுக்கினால் உப்பு ஈரத்தில் அலுமினியம் பொடியாக உதிரும். நடுவே நைலான் வாஷர், போல்ட் 316 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் என்று ஆர்டரிலேயே எழுதிக் கொடுங்கள்.

மூடியைப் பொறுத்தவரை இந்தக் கரைக்கு ஒரு பலம் இருக்கிறது. 2004 சுனாமிக்குப் பிறகு தமிழ்நாட்டுக் கரை முழுக்க ஃபைபர் படகு பெருகியது. திரேஸ்புரத்தில் வள்ளம் பார்த்தவர்களுக்கு ஜெல் கோட், மேட், ரெசின் என்ற சொற்களைப் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. கேம்பர் மூடியும் அதே பொருள்தான். ஆனால் படகு அலையைத் தாங்கத் தடிப்பாக வார்க்கப்படுவது. மூடி ஒரு கையால் தள்ளினால் எழும் அளவுக்கு இலகுவாக, நடுவில் ஃபோம் வைத்து இரு பக்கமும் மெல்லிய ஃபைபர் போட்டு வார்க்கப்படுவது. படகு கணக்கில் வார்த்துவிட்டால் ஸ்ட்ரட் தாங்காது, வண்டியின் தலைப்பாரமும் ஏறும். புது மூடியைப் படகுக்காரரிடம் செய்யச் சொல்ல வேண்டாம் என்பேன். கிளை உரசி விரிசல் விழுந்தால் பழுது பார்க்க அவரைவிடத் தேர்ந்த கை கிடையாது. கடற்கரை இல்லாத மாவட்டத்துக்காரர்களுக்கு இந்த வசதி இல்லை.

கேன்வாஸ் விஷயத்தில் மலிவுத் தார்ப்பாய்த் துணிக்கு ஒத்துக்கொள்ளாதீர்கள். காற்றுப் புகாத துணிக்குள் இருவர் மூச்சு விட்டாலே விடியும்போது உள்பக்கம் நனைந்திருக்கும். நீரைத் தடுத்து ஆவியை விடும் அக்ரிலிக் துணி, மூன்று பக்கமும் கொசுவலை வைத்த ஜன்னல், வெயிலில் இற்றுப்போகாத தையல் நூல் என்று கேளுங்கள். வலை திறந்திருந்தால் மாலைக் கடற்காற்று மேல்படுக்கையைத் தழுவிப் போகும். இந்த வண்டியின் சுகமே அதுதான். ஏசிக்கென்று பெரிய பேட்டரி வாங்குவதைவிட ஒரு 12 வோல்ட் ஃபேன் போதும் என்று தோன்றும்.

காற்று எப்போதும் அப்படியே இருக்காது. ஆடியில் செங்கோட்டைக் கணவாய் வழியே கச்சான் காற்று அடிக்கும்போது கயத்தாறு காற்றாலைகள் இரவு பகல் சுற்றும். அந்த நாட்களில் திறந்த கூரை பாய்மரமாகிவிடும். முன்பக்கம் கீல் வைத்த கூரை என்றால் வண்டியின் மூக்கைக் காற்றுக்கு நேராக நிறுத்துங்கள். துணி படபடக்கத் தொடங்கினால் இறக்கிவிட்டுக் கீழே படுப்பதே சரி. ஐப்பசி கார்த்திகை மழையிலும் இதே நிதானம் வேண்டும். 2023 டிசம்பர் 17, 18-இல் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டிய மழைக்கு எந்தக் கேன்வாஸும் பதில் சொல்லாது. சாதாரண மழையில் நனைந்த துணியை மடித்து மூடிக்கொண்டு வீட்டுக்கு வந்தால், அடுத்த நாளே திறந்து காயவையுங்கள். விட்டால் பூஞ்சை பிடிக்கும். பூஞ்சை பிடித்த துணியைக் கழுவினால் நீர்க்காப்பும் சேர்ந்து போய்விடும்.

சமையல் வசதி விதியில் இருக்கிறது என்பதற்காகக் கேன்வாஸுக்கு அடியில் வீட்டு கேஸ் சிலிண்டரை வைக்காதீர்கள். 2023 ஆகஸ்ட் 26 அன்று மதுரையில் நின்றிருந்த சுற்றுலா ரயில் பெட்டியில், சட்டவிரோதமாக ஏற்றி வந்த சிலிண்டரால் பிடித்த தீயில் 9 பேர் இறந்தார்கள். துணிக் கூரைக்கு அதைவிட வேகம். அடுப்பை வெளியே இறக்கி வைத்துச் சமைப்பதே பாதுகாப்பு.

எங்கே நிறுத்துவது? முன்பு முத்துக்குளிப்புக் காலங்களில் இந்தக் கடற்கரை மணலில் ஓலைக் கொட்டகைகளால் ஒரு ஊரே எழும்பி, சீசன் முடிந்ததும் கலைந்துவிடும். இன்று மணல் அப்படிக் கட்டற்றுக் கிடக்கவில்லை. துறைமுகப் பகுதி பாதுகாப்பு வளையத்துக்குள் இருக்கிறது. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகள் தேசியப் பூங்கா. மணப்பாடு, புன்னைக்காயல், தருவைகுளம் போன்ற ஊர்களில் கரை என்பது வலை காயும், படகு ஏறும் தொழிலிடம். ஊர்ப் பெரியவர்களிடம் கேட்டு, அவர்கள் காட்டும் இடத்தில் நிறுத்துங்கள். விடுதி வளாகத்தில் ஒரு தொகை கொடுத்து நிறுத்திக்கொள்வது இன்னும் நல்லது. கழிப்பறையும் தண்ணீரும் கிடைக்கும். துணிக் கூரைக்குப் பூட்டு கிடையாது என்பதும் நினைவில் இருக்கட்டும்.

இத்தனையும் படித்துவிட்டுக் கூரையை அறுக்க மனம் வராதவர்களுக்கு ஒரு நல்ல மாற்று உண்டு. பின்கதவைத் திறந்து அதைச் சுற்றிக் கட்டும் கூடாரம் தையல்காரரிடம் சொல்லியே செய்துகொள்ளலாம். புறப்படும்போது கழற்றி மடித்து வைத்துவிட்டால் வண்டி கம்பெனியிலிருந்து வந்தபடியே இருக்கிறது, ஆர்.சி.யைத் தொட வேண்டியதில்லை. வருடத்தில் நான்கைந்து இரவு மட்டும் வெளியே தங்கும் குடும்பத்துக்கு நான் இதைத்தான் சொல்வேன்.

வண்டியைக் கட்டக் கொடுத்தவர்கள் டெலிவரி எடுக்கும் நாளில் அவசரப்படாதீர்கள். மூடிய கூரை மீது கால்மணி நேரம் ஹோஸால் தண்ணீர் அடிக்கச் சொல்லி, உள்ளே விளிம்பு முழுவதும் விரலால் தடவிப் பாருங்கள். கூரையைத் திறந்த நிலையில் சாவியைப் போட்டால் எச்சரிக்கை மணி அடிக்கிறதா என்று பாருங்கள். நெடுஞ்சாலை வேகத்தில் ஓட்டிப் பார்த்து, பூட்டு ஆடும் சத்தம் வருகிறதா என்று கேளுங்கள். எடைமேடையில் ஏற்றி எடைச்சீட்டு வாங்குங்கள். விளிம்பு அடைத்த ஒவ்வொரு கட்டத்தின் புகைப்படத்தையும் பட்டறையிடம் கேட்டு வாங்கி வையுங்கள். உள்துணி மூடிய பின் அதைப் பார்க்க வேறு வழியில்லை. காரவன் என்று பதிவான ஆர்.சி.யும், அதே விவரத்தோடு போட்ட இன்சூரன்ஸும் கையில் வந்த பிறகு பாக்கிப் பணத்தைக் கொடுங்கள்.