பாறையில்லாத முனை

கடல்முனை என்றதும் அலை மோதும் செங்குத்துப் பாறைதான் பலருக்கும் நினைவுக்கு வரும். கந்தர்வக்கோட்டைக்குத் தென்கிழக்கே, வங்கக்கடலோரம் திரும்பிப் பாக் நீரிணையோரமாக மாறும் கோடியக்கரையில் அப்படிப் பாறை எதுவும் இல்லை. அங்கே உயரமான இடம் என்று காட்டப்படும் ராமர் பாதமே ஒரு மணல்மேடுதான். பார்க்க என்ன இருக்கிறது என்று கேட்பவர்கள் உண்டு. ஆனால் இந்தத் தட்டையான நிலம்தான் அங்குள்ள உயிர்வளத்துக்குக் காரணம். தண்ணீர் ஆழமில்லாமல் பரந்து கிடப்பதால் சேற்றுப் புழுக்களும் சிறு இறால்களும் பெருகுகின்றன. நெட்டைக்கால் பூநாரை முதல் குட்டையான உள்ளான் வரை தத்தம் கால் அளவுக்கு ஏற்ற இடத்தில் நின்று மேய்கின்றன. ஆபத்தைத் தொலைவிலேயே கண்டு ஓடிப் பிழைக்கும் வெளிமானுக்கும் திறந்த புல்வெளியே அரண். 1967-இல் சரணாலயம் அமைந்ததும் முக்கியமாக அந்த மானுக்காகத்தான்.

தட்டை நிலம் புயலைத் தாங்காதே என்பது நியாயமான மறுப்பு. 2018 நவம்பரில் கஜா புயல் இங்கே மான்களையும் குதிரைகளையும் பலிகொண்டது. அதே புயல்தான் புதுக்கோட்டை மாவட்டத் தோப்புகளையும் சாய்த்தது. ஆனால் புயல் என்றோ வருவது. சீமைக்கருவேலமோ நாள்தோறும் புல்வெளியைத் தின்கிறது. மிச்சப் புல்லுக்குக் காட்டுக்குதிரைகளும் போட்டி. பயணிகள் ரசிக்கும் குதிரைகளைக் குறை சொல்ல யாருக்கும் மனம் வருவதில்லை. என்றாலும் வெளிமானைக் காப்பது என்றால், முதலில் அகற்ற வேண்டியது முள்மரத்தை. அடுத்துப் பேச வேண்டியது குதிரைகளின் எண்ணிக்கையை.