ஸ்டீயரிங் அலைகிறதா? கீழிருந்து பாருங்கள்!

நம் போபால் அன்பர்கள் பலரிடம் பத்து, பதினைந்து வருஷத்துப் பழைய பெரிய வண்டிகள் இருக்கின்றன. சங்க விழா முடிந்து வாசலில் நின்று பேசும்போது அடிக்கடி காதில் விழும் புகார் ஒன்று உண்டு. "நேர் ரோட்டிலேயே வண்டி அலைகிறது சார், பிடித்துக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது." அதைக் கேட்கும்போதெல்லாம் எனக்குக் கொஞ்சம் கூச்சமாக இருக்கும். காரணத்தைக் கடைசியில் சொல்கிறேன்.

முப்பத்தைந்து வருஷம் ரயில்வே பட்டறையில் போகிகளோடு காலம் தள்ளியவன் நான். ரயிலுக்கு ஸ்டீயரிங் கிடையாது. சக்கரத்தின் ஓடுபரப்பு 20-க்கு 1 என்ற சரிவில் கூம்பாகக் கடையப்பட்டிருக்கும். சக்கர ஜோடி ஒரு பக்கம் ஒதுங்கினால் அந்தப் பக்கத்துச் சக்கரம் பெரிய விட்டத்தில் உருண்டு, ஜோடியைத் தானாக நடுவுக்குக் கொண்டுவரும். சக்கரம் தேய்ந்தாலோ, அச்சைப் பிடித்திருக்கும் பாகங்கள் தளர்ந்தாலோ, போகி இடமும் வலமுமாக அலையத் தொடங்கும். இதை 'ஹன்டிங்' என்போம்.

ரோட்டில் ஓடும் வண்டியில் இந்த வேலையைச் செய்வது 'காஸ்டர்'. முன்சக்கரம் திரும்பும் அச்சு, மேல்நுனி சற்றுப் பின்னால் சாய்ந்தபடி இருக்கும். சைக்கிளின் முன் ஃபோர்க்கைப் பாருங்கள், புரிந்துவிடும். இந்தச் சாய்வுதான் கையை விட்டாலும் சக்கரத்தை நேராக்குகிறது.

ஆகவே வண்டி அலைந்தால் முதலில் மூன்று கேள்விகள் கேட்டுக்கொள்ள வேண்டும்.

ஒன்று, ஸ்டீயரிங்கைத் திருப்பியும் சக்கரம் திரும்பத் தாமதமாகிறதா? அப்படியானால் எங்கோ ஆட்டம் இருக்கிறது. இரண்டு, சக்கரம் திரும்புகிறது, ஆனால் தானாக நேருக்கு வரவில்லையா? காஸ்டர் குறைந்திருக்கலாம், அல்லது எங்கோ இறுக்கம் இருக்கலாம். மூன்று, ஸ்டீயரிங்கை அசையாமல் பிடித்திருந்தும் வண்டி தானாகத் திசை மாறுகிறதா? அப்போது குறை பெரும்பாலும் ஸ்டீயரிங்கில் இல்லை; அச்சைப் பிடித்திருக்கும் இடத்தில் இருக்கிறது.

இனி சோதனை முறை. தரையிலிருந்து மேலே போக வேண்டும், செலவில்லாததிலிருந்து செலவுள்ளதற்குப் போக வேண்டும்.

முதலில் டயர். குளிர்ந்த நிலையில் நான்கிலும் காற்றைப் பாருங்கள். வண்டி ஒரு பக்கமே இழுத்தால் முன் டயர்கள் இரண்டையும் இடம் மாற்றிப் போட்டு ஓட்டிப் பாருங்கள். இழுப்பும் பக்கம் மாறினால் குற்றவாளி டயர்தான். திசைக்குறி போட்ட டயரை மட்டும் இப்படி மாற்றக்கூடாது.

அடுத்து சக்கரம். பின்சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, முன்பக்கம் ஜாக்கியில் தூக்கி, கண்டிப்பாக ஸ்டாண்டில் இறக்குங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி யாரும் வண்டிக்கு அடியில் போகக்கூடாது. சக்கரத்தை மேலும் கீழுமாகப் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் தெரிந்தால், வீட்டில் ஒருவரைப் பிரேக்கை மிதிக்கச் சொல்லி மறுபடி ஆட்டுங்கள். ஆட்டம் மறைந்தால் பேரிங், மறையாவிட்டால் கிங் பின் அல்லது பால் ஜாயின்ட். பக்கவாட்டில் மட்டும் ஆடினால் டை ராடின் முனைகளைச் சந்தேகிக்க வேண்டும்.

மூன்றாவது, வண்டியைத் தரையில் இறக்கி, ஒருவர் ஸ்டீயரிங்கை இப்படியும் அப்படியும் சிறிதளவு திருப்ப, இன்னொருவர் குனிந்து பார்க்க வேண்டும். சக்கரம் தரையில் பாரத்தோடு நின்றால்தான் தேய்ந்த மூட்டு தன்னைக் காட்டிக்கொடுக்கும். எந்த மூட்டில் ஒரு பக்கம் அசைந்து மறுபக்கம் அசையவில்லையோ, அதுதான் தேய்ந்தது. ஸ்டீயரிங் பாக்ஸ் சேஸியில் உறுதியாக இருக்கிறதா என்பதையும் அப்போதே பார்த்துவிடலாம்.

நான்காவது ஸ்பிரிங்கும் புஷ்ஷும். இங்குள்ள மிஸ்திரிகள் 'கமானி' என்று சொல்லும் பட்டை ஸ்பிரிங், நடுவில் சென்டர் போல்ட்டாலும் யு போல்ட்டுகளாலும் அச்சோடு கட்டப்பட்டிருக்கிறது. இரு முனைகளிலும் புஷ்கள் இருக்கின்றன. பின்பக்கத்துப் புஷ் தேய்ந்தால் ஆக்சிலேட்டரை மிதிக்கும்போது வண்டி ஒரு பக்கமும், காலை எடுக்கும்போது மறுபக்கமும் போகும். இன்னொன்று, அதிகச் சாமான் ஏற்றுவதற்காகப் பின்னால் கூடுதல் பட்டை வைத்து வண்டியை உயர்த்துகிறார்கள். பின்பக்கம் உயர்ந்தால் முன்பக்கத்துக் காஸ்டர் குறைந்துவிடும்.

ஷாக் அப்சார்பரில் எண்ணெய் கசிகிறதா என்றும் பாருங்கள். அது தனியாக வண்டியை அலைய வைக்காது. ஆனால் மேடு பள்ளத்தில் டயர் துள்ளினால் பிடிப்பு ஏது?

வீல் அலைன்மென்ட் கடைசியில்தான். தேய்ந்த மூட்டை வைத்துக்கொண்டு அலைன்மென்ட் செய்வது, ஆடும் மேஜையில் தராசு வைத்து நிறுப்பது போல.

இவ்வளவு சொல்லும் நான் என்ன செய்தேன் தெரியுமா?

சில வருஷங்களுக்கு முன், தசரா விடுமுறைக்கு வந்த மகன் குடும்பத்தோடு பச்மடிக்குப் புறப்பட்டோம். முன்னும் பின்னும் பட்டை ஸ்பிரிங் வைத்த பழைய வண்டி. நான்தான் ஓட்டினேன். புத்னி காட் இறக்கத்தில் எதிரே லாரி. பிரேக்கை அழுத்தினேன். வண்டி வலப்பக்கம், லாரியை நோக்கியே, ஒரு முழம் நகர்ந்தது. லாரிக்காரர் சட்டென்று ஒதுங்கியதால் பிழைத்தோம். பின்சீட்டிலிருந்த பேத்தி, "தாத்தா, ஏன் அந்தப் பக்கம் போனீங்க?" என்று கேட்டாள். பதில் சொல்ல நாக்கு எழவில்லை. அங்கிருந்து மகன் மெதுவாக ஓட்டி வீடு திரும்பினோம்.

அதற்கு முன்பே இரண்டு தடவை அலைன்மென்ட் செய்தாகிவிட்டது. எனவே 'ஸ்டீயரிங் பாக்ஸ்தான் தளர்ந்திருக்கிறது' என்று நானே தீர்மானித்து, அதன் மேலுள்ள அட்ஜஸ்ட்மென்ட் திருகை இறுக்கினேன். ஆட்டம் குறைந்தது போலிருந்தது. ஆனால் திருப்பத்தில் திருப்பிய ஸ்டீயரிங் திரும்பி வரவே இல்லை! நடுவில் பிடித்துக்கொண்டது. இருந்த ஒரு குறையோடு இன்னொன்றையும் சேர்த்திருந்தேன்.

பிறகு நாதிரா பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு வயதான மிஸ்திரியிடம் போனேன். அவர் ஸ்டீயரிங்கைத் தொடவே இல்லை. சக்கரத்தை நேராக வைக்கச் சொன்னார். ஒரு டேப்பை எடுத்து, முன்சக்கர மையத்திலிருந்து பின்சக்கர மையம் வரை இரண்டு பக்கமும் அளந்தார். வலப்பக்கம் ஒரு சென்டிமீட்டருக்கு மேல் குறைவு. குனிந்து டார்ச் அடித்தவர், "பாருங்க சாப்" என்றார். வலப்பக்கத்து ஸ்பிரிங் அச்சின்மேல் உட்காரும் இடத்தில் செம்பழுப்புத் துருத்தூள். அதன் ஓரத்தில் பளபளவென்று ஒரு கோடு. யு போல்ட் தளர்ந்து, சென்டர் போல்ட் உள்ளே ஒடிந்திருந்தது. பிரேக் பிடிக்கும்போதெல்லாம் அச்சின் வலக்கோடி பின்னால் நகர்ந்தது. வண்டியும் வலப்பக்கம் திரும்பியது.

எனக்குத் தலை குனிந்துவிட்டது. "துருத்தூளும் பளபளப்பும் சேர்ந்து தெரியும் இடத்தில் இரும்பு இரும்பின்மேல் உரசுகிறது, விடாதே" என்று எத்தனை அப்ரென்டிஸ் பையன்களுக்குச் சொல்லியிருப்பேன்! போகி ஃபிரேமின் மூலைவிட்டங்களை அளந்து பார்க்காமல் ஒரு போகியையும் வெளியே விட்டதில்லை. என் வண்டிக்கு மட்டும் டேப் எடுக்கத் தோன்றவில்லை.

புதுச் சென்டர் போல்ட், புது யு போல்ட்டுகள், புஷ்கள் போட்டார். நான் இறுக்கிய திருகைச் சரியான நிலைக்குக் கொண்டுவந்தார். 500 கிலோமீட்டர் ஓடியபின் யு போல்ட்டுகளை மறுபடி முறுக்கச் சொன்னார், முறுக்கினேன். அதன்பின் செய்த அலைன்மென்ட் இன்றுவரை நிற்கிறது.

அன்பர்களே, ஸ்டீயரிங் நம் கையில் இருப்பதால் குறையும் அங்கேதான் என்று மனசு சொல்கிறது. வண்டி அலைந்தால் திருகை முடுக்காதீர்கள். இந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு டேப்பும் டார்ச்சும் எடுத்துக்கொண்டு குனிந்து பாருங்கள். அரை மணி நேரம் போதும். அடுத்த பயணத்தில் பின்சீட்டில் பேரனோ பேத்தியோ உட்கார்ந்திருப்பார்கள்.