உலகச் சராசரிக்கு மேலே நாடு, கீழே தோட்டம்

சர்வதேச அறிக்கை ஒன்று வெளிவந்தால், தெற்காசியாவில் இலங்கை முன்னணியில் என்றொரு செய்தி நம் பத்திரிகைகளில் வராமல் இருக்காது. பெரும்பாலும் அது உண்மைதான். உயிரோடு பிறக்கும் ஆயிரம் குழந்தைகளில் ஒரு வயதைத் தாண்டாமல் இறப்பவை உலகளவில் சுமார் 28. இலங்கையில் சுமார் 6. உயிரோடு பிறக்கும் ஒரு லட்சம் குழந்தைகளுக்கு இறந்துபோகும் தாய்மார் உலகச் சராசரிப்படி 223 பேர், இலங்கையில் 29 பேர் என்று 2020ஆம் ஆண்டுக்கு உலக சுகாதார நிறுவனம் கணித்தது. 2022க்கான மனித அபிவிருத்திச் சுட்டெண்ணில் இலங்கைக்கு 0.780; உலகச் சராசரி 0.739.

அட்டன், தலவாக்கலை, மஸ்கெலியா பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் இருந்துகொண்டு இதை வாசிப்பவருக்கு நம்பச் சிரமமாக இருக்கும். கணக்கு பொய் என்று தள்ளிவிட வேண்டியதில்லை. அது எப்படிப் போடப்படுகிறது என்று தெரிந்தால், அதற்குள் தோட்டம் எந்த இடத்தில் நிற்கிறது என்பதும் தெரியும்.

ஒரு நாட்டின் அரசதுறை எப்படி வேலை செய்கிறது என்பதை நேரே அளக்க வழியில்லை. அதன் பலனைத்தான் அளக்கிறார்கள்: எத்தனை குழந்தைகள் பிழைக்கின்றன, எத்தனை பேர் படிக்கிறார்கள், வழக்கு முடிய எவ்வளவு காலம், லஞ்சம் எவ்வளவு. அன்டோனியோ அபொன்சோ, லுட்விக் ஷுக்னெக்ட், வீட்டோ டான்சி என்ற மூன்று பொருளியலாளர்கள் 2005இல் 23 கைத்தொழில் நாடுகளை ஒப்பிட்டு வெளியிட்ட ஆய்வு இதற்கு ஒரு நல்ல உதாரணம். எல்லா நாடுகளின் சராசரியையும் 1 என்று வைத்துக்கொண்டார்கள். ஒரு நாட்டுக்கு 1.2 வந்தால் சராசரியை விட மேல், 0.8 வந்தால் கீழ். பிறகு அந்த எண்ணை அந்த நாட்டு அரசு செய்த செலவோடு பொருத்தி, போட்ட காசுக்கு எவ்வளவு பலன் என்று பார்த்தார்கள்.

இதை இலங்கைக்குப் போட்டுப் பார்க்கலாம். சராசரி ஆயுள் இலங்கையில் சுமார் 76 வருடம், உலகில் சுமார் 72. வகுத்தால் 1.06, அதாவது கொஞ்சம் மேல். ஆயுளை விட்டுவிட்டு குழந்தை இறப்பை எடுத்தால், குறைவாக இருப்பதுதான் நல்லது என்பதால் தலைகீழாக வகுக்க வேண்டும்: 28ஐ 6ஆல் வகுத்தால் 4.7. நாடும் அதுதான், வைத்தியசாலையும் அதுதான். எந்த அளவுகோலை எடுத்தோம் என்பதைப் பொறுத்து, உலகத்தை விடக் கொஞ்சம் நல்லது என்றும் சொல்லலாம், ஏறத்தாழ ஐந்து மடங்கு நல்லது என்றும் சொல்லலாம். ஒப்பீட்டு அறிக்கை கையில் கிடைத்தால் பட்டியலில் நாட்டின் இடத்தைத் தேடுவதற்கு முன் எதை அளந்தார்கள் என்று பார்ப்பது நல்லது.

செலவுப் பக்கம் இதைவிடச் சுவாரசியம். சுகாதாரத்துக்கு அரசு செலவழிப்பது மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 2 வீதத்தைச் சுற்றியே நிற்கிறது. கல்விக்கும் ஏறத்தாழ அவ்வளவுதான். 4 முதல் 6 வீதம் வரை செலவழிக்க வேண்டும் என்று யுனெஸ்கோ முன்னின்று நடத்திய 2015ஆம் ஆண்டு இஞ்சன் மாநாட்டில் நாடுகள் ஏற்றுக்கொண்டன. வரி வருமானமோ 2022 நெருக்கடி நேரத்தில் மொத்த உற்பத்தியில் 8 வீதத்துக்கும் கீழே போயிருந்தது. பணக்கார நாடுகளின் அமைப்பான ஓஈசிடியின் சராசரி சுமார் 34 வீதம். ஆக, இவ்வளவு குறைந்த காசில் இவ்வளவு பலனா என்று வெளிநாட்டு ஆய்வாளர்கள் இலங்கையைப் பார்த்து வியப்பது வழக்கம். வியப்பில் நியாயமும் உண்டு. வீடு வீடாகப் போகும் குடும்ப சுகாதார மருத்துவிச்சியும், கட்டணமில்லாத வைத்தியசாலையும், இலவசப் பாடசாலையும் பல தலைமுறைக்கு உயிர் கொடுத்தவை. ஆனால் செலவு குறைந்ததற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. நாட்டின் ஒரு பகுதி மக்களுக்காக அரசு நெடுங்காலம் செலவழிக்கவே இல்லை. அதைப் பிறகு சொல்கிறேன்.

இன்னொரு வகை ஒப்பீட்டையும் சொல்லிவிட வேண்டும். டிரான்ஸ்பேரன்சி இன்டர்நேஷனலின் ஊழல் சுட்டெண்ணில் 2023இல் இலங்கைக்கு நூற்றுக்கு 34. உலகச் சராசரி 43. குழந்தை இறப்பில் உலகத்தை முந்திய அரசதுறை இங்கே பின்னால் நிற்கிறது. இது எண்ணிப் பார்த்த கணக்கு அல்ல, வல்லுநர்களும் வியாபாரிகளும் சொன்ன அபிப்பிராயத்தின் தொகுப்பு. உலக வங்கியின் ஆட்சிமுறைச் சுட்டெண்களிலும் இப்படியான அபிப்பிராயத்துக்குப் பெரிய இடம் உண்டு. கிராம உத்தியோகத்தரிடம் ஒரு கையெழுத்துக்காகக் கொழுந்து மலையில் அரை நாள் பேரை, அதாவது கூலியை, விட்டுவிட்டு நிற்கிற பெண்ணின் அனுபவம் இந்தக் கேள்விக்கொத்துகளை எட்டுவது அபூர்வம்.

இனி தோட்டத்துக்கு வருவோம். தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களம் 2016இல் நடத்திய குடித்தொகை, சுகாதார ஆய்வு ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளின் உயரத்தை அளந்தது. வயதுக்கேற்ற உயரம் இல்லாத பிள்ளைகள் நாடு முழுவதற்கும் 17.3 வீதம். அந்தக் காலத்து உலகச் சராசரி 22, 23 வீதம் அளவில் இருந்தது. எனவே இலங்கை உலகச் சராசரியை விட நல்ல நிலை. செய்தி இந்த வரியோடு முடிந்துவிடும். அதே அறிக்கையில் அடுத்த வரிகள்: நகரம் 14.7, கிராமம் 17.0, தோட்டம் 31.7. தோட்டம் உலகச் சராசரியை விட மோசம். தோட்டத்து மக்களின் பாட்டன் பூட்டன் புறப்பட்டு வந்த தமிழ்நாட்டில் கிட்டத்தட்ட அதே நேரம் எடுத்த இந்தியக் குடும்ப நல ஆய்வில் இது 27 வீதம். தோட்டத்தின் எண் அதையும் தாண்டி நிற்கிறது.

சராசரி எப்படி இதை மறைக்கிறது என்பதைக் கணக்குப் போட்டே பார்க்கலாம். 2012 குடிசன மதிப்பீட்டில் நாட்டு மக்களில் 18.2 வீதம் நகரம், 77.4 வீதம் கிராமம், 4.4 வீதம் தோட்டம். ஒவ்வொரு பகுதியின் எண்ணையும் அதன் பங்கால் பெருக்கினால் நகரத்திலிருந்து 2.7, கிராமத்திலிருந்து 13.2, தோட்டத்திலிருந்து 1.4. கூட்டினால் 17.3. தோட்டத்துப் பிள்ளைகளில் மூன்றில் ஒருவர் வளராமல் போவதற்கு நாட்டின் கணக்கில் உள்ள பாரம் இந்த 1.4தான்.

இன்னும் ஒரு படி போவோம். நாளைக்கே எல்லாத் தோட்டத்துப் பிள்ளைகளும் சரியான உயரத்துக்கு வளர்ந்துவிட்டால் தேசியச் சராசரி 17.3இலிருந்து 15.9 ஆகும். மாறாக, நிலைமை இருமடங்கு மோசமாகி மூன்றில் இரண்டு பிள்ளைகள் வளராமல் போனால் 18.7 ஆகும். இரண்டுமே உலகச் சராசரிக்குக் கீழே, அதாவது நல்ல பக்கத்தில். கொழும்பில் தேசியச் சராசரியை மட்டும் மேசையில் வைத்துத் திட்டம் போடுகிற ஒருவருக்கு நுவரெலியா மலையில் என்ன நடந்தாலும் தெரியாது.

நல்லது நடந்தாலும் தெரியாது. 2006, 2007 காலத்து ஆய்வில் தோட்டத்தின் எண் 40.2. பத்து வருடத்தில் அது 31.7க்கு இறங்கியது சின்ன விஷயமல்ல. அதற்குப் பின்னால் பலருடைய உழைப்பு இருக்கிறது. தேசிய எண்ணோ அப்போதும் 17.3, 2016இலும் 17.3.

இந்த எண் பிறக்கும் இடத்தையும் பார்த்துவிடலாம். தோட்டத்து டிவிசனில் மருத்துவிச்சி வரும் நாளில் தராசைத் தொங்கவிட்டு ஒவ்வொரு பிள்ளையாக நிறுத்து, உயரத்தை அளந்து, அட்டையில் ஒரு புள்ளி வைக்கிறார். தாய் மலையில் நின்றால் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக்காம்பராக்காரியோ பாட்டியோ தூக்கிக்கொண்டு வருவார். அட்டையில் ஏற்கனவே அச்சிட்டிருக்கும் வளைகோடுகள் இலங்கைக்குரியவை அல்ல. பிரேசில், கானா, இந்தியா, நோர்வே, ஓமான், அமெரிக்கா ஆகிய ஆறு நாடுகளில் நன்றாகச் சாப்பிட்டு, நல்ல சூழலில் வளர்ந்த பிள்ளைகளை அளந்து உலக சுகாதார நிறுவனம் 2006இல் வெளியிட்டவை. அதன்படி மூன்று வயதுப் பெண்பிள்ளையின் நடு உயரம் 95.1 சென்டிமீட்டர். 87.4க்குக் கீழே போனால் வயதுக்கேற்ற உயரம் இல்லை என்று எழுதுகிறார்கள். ஆரோக்கியமான எந்தக் கூட்டத்திலும் இயல்பாகவே குட்டையான பிள்ளைகள் சிலர் இருப்பார்கள். அது நூற்றுக்கு 2.3 பேர் என்ற அளவுக்கு மேல் போகாது.

எனவே ஒப்பிட வேண்டியது 17.3ஐயும் 22ஐயுமா, 31.7ஐயும் 2.3ஐயுமா என்பது முக்கியமான கேள்வி. உலகச் சராசரி என்பது உலகம் இப்போது கிடக்கிற நிலை. நல்ல நிலை என்று யாரும் சொல்லவில்லை. சனத்தொகை அதிகமான, பிள்ளைகள் வாடுகிற நாடுகள் அந்த எண்ணை மேலே இழுத்து வைத்திருக்கின்றன. அதற்குக் கீழே இருக்கிறோம் என்பதில் பெருமைப்பட அதிகம் இல்லை. நோர்வேப் பிள்ளையும் இந்தியப் பிள்ளையும் நல்ல சாப்பாடு கிடைத்தால் ஏறத்தாழ ஒரே உயரத்துக்கு வளர்கிறார்கள் என்பதுதான் அந்த ஆறு நாட்டு ஆய்வு காட்டியது. "நம்ம ஆளுங்க பரம்பரையே கட்டைதான்" என்று சொல்லித் தப்ப இடமில்லை.

முன்பு விட்ட இடத்துக்கு வருகிறேன். அரசதுறையின் வேலையை அளக்கிறோம் என்றால், அந்த அரசதுறை தோட்டத்துக்குள் எப்போது வந்தது என்று கேட்க வேண்டும். கல்வி அமைச்சர் கன்னங்கரா கொண்டுவந்த இலவசக் கல்வி நாட்டில் 1945இல் தொடங்கியது. தோட்டப் பாடசாலைகள் அப்போதும் துரைமாரின் பொறுப்பிலேயே இருந்தன; பெரும்பாலும் ஒரே வாத்தியார், ஒரே மண்டபம், ஐந்தாம் வகுப்போடு சரி. 1948 பிரஜாவுரிமைச் சட்டம் மலையகத் தமிழரில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. 1970களில் தோட்டங்கள் அரசுடைமையான பிறகே பாடசாலைகள் படிப்படியாக அரசிடம் வந்தன. தோட்ட ஆஸ்பத்திரிகளை அரசு எடுக்கத் தொடங்கியது அதற்கும் பிந்தி, 1990களில். அதற்குள் 1992இல் தோட்ட நிர்வாகம் தனியார் கம்பனிகளின் கைக்குப் போய்விட்டது. பல டிஸ்பென்சரிகள் இன்னும் தோட்டத்துடையவை. கிராமத்தில் அரசு செய்ததைத் தோட்டத்தில் கம்பனி செய்ய வேண்டும் என்றிருந்தது. கம்பனி செய்யாதபோது அது எந்த அரசுக் கணக்கிலும் குறைபாடாகப் பதியவில்லை.

உள்ளூராட்சியிலும் இதே கதை. 1987ஆம் ஆண்டுப் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு, தோட்டத்துக்குள் சபையின் பணத்தில் ரோடு போடுவதற்கும் கிணறு வெட்டுவதற்கும் குறுக்கே நின்றது. சபைக்கு வாக்குப் போடலாம், சபையின் வேலையைக் கேட்க முடியாது. 2018இல்தான் சட்டத்தைத் திருத்தினார்கள்.

அலுவலகங்களை எண்ணினால் இன்னும் தெளிவு. 2012இல் நாட்டில் 331 பிரதேச செயலகப் பிரிவுகள், மக்கள் 2 கோடியே 3 லட்சம் சொச்சம். ஒரு பிரிவுக்குச் சராசரி 61,500 பேர். பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, ஓய்வூதியம் எல்லாம் இந்த வாசலில்தான். அட்டனை உள்ளடக்கிய அம்பகமுவப் பிரிவில் மட்டும் 2 லட்சத்துக்கு மேல். நுவரெலியாப் பிரிவிலும் 2 லட்சத்துக்கு மேல். நாட்டில் ஒருவருக்கு ஒரு மேசை என்றால் இங்கே அப்போது மூன்று பேருக்கு மேல் ஒரே மேசைக்கு. அரசாங்க ஊழியர் அதிகம், ஆட்குறைப்பு வேண்டும் என்று பேசும்போது 2016 தொகைமதிப்பில் வந்த 11 லட்சம் என்ற மொத்த எண்ணைத்தான் எல்லோரும் எடுக்கிறார்கள். தமிழில் ஒரு படிவத்தை நிரப்பிக் கொடுக்கக்கூடிய ஊழியர் அம்பகமுவவுக்கு எத்தனை பேர் என்பது அந்தப் பேச்சில் வருவதில்லை. 2018 தேர்தலுக்கு முன் அம்பகமுவ, நுவரெலியா என்ற இரண்டு பிரதேச சபைகளை நோர்வூட், மஸ்கெலியா, அக்கரப்பத்தனை, கொட்டகலையும் சேர்த்து ஆறாகப் பிரித்ததற்கு நீண்டகாலக் கோரிக்கை காரணம். அந்தக் கோரிக்கைக்குப் பலம் கொடுத்தது இந்தத் தலைக்கணக்குத்தான். சராசரியைச் சரியான இடத்தில் பிடித்துக் கேட்டால் காரியம் நடக்கும்.

வறுமைக் கணக்கைப் பார்க்கும்போது ஒரு எச்சரிக்கை. 2016இல் நாட்டின் வறுமை 4.1 வீதம், தோட்டத்தில் 8.8. 2019இல் நாடு 14.3, தோட்டம் 33.8. மூன்றே வருடத்தில் நாடு மும்மடங்கு ஏழையாகிவிட்டது என்று அர்த்தமில்லை. இடையில் வறுமைக் கோட்டையே புதிதாக வரைந்தார்கள். இரண்டு வருடத்து எண்களை ஒப்பிடும்போது கோடு மாறியதா என்று பார்க்க வேண்டும். ஒரே வருடத்தில் தோட்டத்தையும் நாட்டையும் ஒப்பிடுவதில் அந்தச் சிக்கல் இல்லை: பழைய கோட்டிலும் தோட்டம் இரண்டு மடங்குக்கு மேல், புதிய கோட்டிலும் அப்படியே.

தோட்டம் என்ற பகுதியின் வரையறையும் நினைவில் இருக்கட்டும். 20 ஏக்கருக்குக் குறையாத நிலம், அதில் குடியிருக்கும் தொழிலாளர் பத்துப் பேருக்குக் குறையாமல் இருந்தால்தான் புள்ளிவிபரத்தில் அது தோட்டம். கொழும்புக் கடைக்குப் போன பையன் நகரக் கணக்கில் சேர்ந்துவிடுகிறான். தேயிலை காடாகிப்போய், வேலைக்குப் பேர் கொடுப்பவர்கள் குறைந்து பத்துக்குக் கீழே போனால், அதே லயத்தில் அதே காம்பராவில் இருப்பவர்கள் அடுத்த கணக்கெடுப்பில் கிராமத்தவர் ஆகிவிடுவார்கள். அப்போது தோட்டத்தின் எண் குறைந்தாலும் கூடினாலும், முதலில் கேட்க வேண்டியது தோட்டம் என்று எண்ணப்பட்டவர்கள் போன முறை எத்தனை பேர், இந்த முறை எத்தனை பேர் என்பது.