வடகவுஞ்சி வளைவில் ஆயில் லைட் எரிஞ்சா?

பழனியில இருந்து கொடைக்கானல் சுமார் 64 கிலோமீட்டர். வடகவுஞ்சி பக்கம் கார்ல ஏறிட்டு இருக்கீங்க. செகண்ட் கியர், இன்ஜின் நல்ல சூடு. ஒரு வளைவுல மட்டும் டேஷ்போர்டுல அந்தச் சிவப்பு ஆயில் கேன் விளக்கு எரிஞ்சு அணையுது. "மேல போய் ஆயில் ஊத்திக்கலாம்"னு விட்டா இன்ஜின் வேலைக்கு வந்துடும்.

பெரும்பாலான கார்களில் அந்த விளக்கு காட்டுவது ஆயில் அளவை அல்ல, அழுத்தத்தை. இன்ஜினில் ஒரு சின்ன சுவிட்ச் இருக்கும். அழுத்தம் 5 பி.எஸ்.ஐ. பக்கம் இறங்கினாதான் விளக்கு எரியும். கிராங்க் ஷாஃப்டும் பேரிங்கும் ஒன்றையொன்று உரசாமல் தாங்குவது அந்த அழுத்தத்தில் வரும் ஆயில் படலம்தான். விளக்கு எரியும்போது நிலைமை ஏற்கெனவே கைமீறப் போகுதுன்னு அர்த்தம்.

சரி, ஏன் வளைவுல மட்டும்? ஆயில் குறைவா இருந்தா, ஏற்றத்திலும் திருப்பத்திலும் அது சம்ப்ல ஒரு பக்கமா ஒதுங்கிடும். பம்ப் காற்றை உறிஞ்சும். இதே கார் சமவெளியில சமத்தா ஓடும்!

பாதுகாப்பா ஓரங்கட்டி உடனே இன்ஜினை ஆஃப் பண்ணுங்க. சமதளத்துல பத்து நிமிஷம் விட்டு டிப்ஸ்டிக்கைத் துடைச்சுப் பாருங்க. சரிவுல பார்த்தா அளவு தப்பாத்தான் வரும். குறைஞ்சிருந்தா மேனுவல்ல சொன்ன கிரேடு ஆயிலை ஊத்துங்க. அளவு சரியா இருந்தும் விளக்கு எரிஞ்சா ஓட்டாதீங்க, டோ பண்ணுங்க.

"ஒயர் கோளாறா இருந்தா?" இருக்கலாம். ஒர்க்‌ஷாப்ல அந்த சுவிட்சைக் கழற்றி, அதே துளையில் பிரஷர் கேஜ் மாட்டுவாங்க. இன்ஜின் சூடான பிறகு ஐடிலிலும் 2000, 3000 ஆர்.பி.எம்.மிலும் அளப்பாங்க. 1000 ஆர்.பி.எம்.முக்கு 10 பி.எஸ்.ஐ. என்பது பழைய கணக்கு. மேனுவல் எண்தான் இறுதி. கேஜ்ல சரியா வந்தா சுவிட்ச் அல்லது ஒயர். குறைஞ்சா பம்ப், அடைச்ச வடிகட்டி, தேஞ்ச பேரிங். சிலர் கெட்டியான ஆயிலை ஊத்தி எண்ணை ஏத்திடுவாங்க. அது வைத்தியம் இல்ல, தெர்மாமீட்டரை ஐஸ்ல வைக்கிற வேலை.

இறங்கும்போது பெட்ரோல் மிச்சம்னு இன்ஜினை ஆஃப் பண்ணி உருட்டாதீங்க. பிரேக் பூஸ்டர் உதவி போயிடும், ஸ்டியரிங்கும் கனமாயிடும்.

சாவியை ஆன் பண்ணதும் அந்த விளக்கு எரிஞ்சு, ஸ்டார்ட் ஆனதும் அணையணும். எரியவே இல்லைன்னா பழனி அடிவாரத்துலயே மெக்கானிக்கைப் பாருங்க.